இரு மருத்துவர்களும் இருபத்து நான்கு சுருதிகளும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிப் புன்னைக்காயல் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் காயல்பட்டினம். அந்தி சாயும் வேளையில் அக்கரையோரம் நடந்து செல்பவர் காதில் இரண்டு ஒலிகள் விழும். ஒன்று, மூவேளைச் செபத்திற்கு அழைக்கும் ஆலயமணி. மற்றொன்று, பள்ளிவாசலிலிருந்து எழும் பாங்கொலி. மணியின் ஒலி நமக்குப் பழகியது. பாங்கொலியோ, சொல் விளங்காவிட்டாலும் நம்முள் ஏதோ ஒன்றைத் தொட்டுச் செல்கிறது. நமக்குத் தெரிந்த சுரங்களுக்கு நடுவே, நமக்குப் பெயர் தெரியாத ஓரிடத்தில் அக்குரல் நின்று அசைந்து இறங்குகிறது. ஓதுதலை இசை என்று சொல்வதை இசுலாமியப் பெரியோர் ஏற்பதில்லை. அவர்களது மரபுக்கு மதிப்பளித்து நாமும் அவ்வாறு சொல்லவில்லை. ஆயினும் அக்குரல் நிற்கும் அந்த இடம் எது என்ற கேள்வி நம்மை விடுவதில்லை.

அரபு இசை நூலார் அந்த இடத்தைக் 'கால்சுரம்' என்று கணக்கிட்டார்கள். அக்கணக்கின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால் தமஸ்கு நகரத்து மருத்துவர் ஒருவரையும், நமது நெல்லைச் சீமையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரையும் சந்திக்கிறோம். இருவரும் கிறிஸ்தவர்கள். இருவரும் இசையை ஆராய்ந்து 'இருபத்து நான்கு' என்ற எண்ணில் வந்து நின்றவர்கள். ஒருவரையொருவர் சந்தியாத இவ்விருவரின் கதை, நமது ஆலயங்களில் நாம் இன்று பாடும் முறையைப் பற்றியும் சிலவற்றைச் சொல்கிறது. அதனை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

கடல் வழி வந்த உறவு

அரபு நாட்டாருக்கும் முத்துக்குளித்துறைக்கும் உள்ள உறவு பழமையானது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைக் கண்டார். ஓர்முசு, கிசு, தோபார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கு வந்து தங்கியதைக் குறித்து வைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, கிசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்று எழுதியுள்ளார். அந்தச் சமாலுத்தீனின் உடன்பிறந்தவர் தக்கியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக விளங்கினார்.

இவ்வுறவு எந்நாளும் இனிதாகவே இருந்ததன்று. முத்துப்பார்களின் உரிமை குறித்து எழுந்த பூசலே நம் முன்னோர் 1535ஆம் ஆண்டு கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடக் காரணமாயிற்று. அதைத் தொடர்ந்து பரதவ மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542ஆம் ஆண்டு தூய சவேரியார் இக்கரைக்கு வந்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடமாக்கினார். ஏட்டில் எழுதிப் படிக்கும் வாய்ப்பில்லாத மக்களுக்கு மறை முதன்முதலாகக் காது வழியாகவே வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது 1578ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஒரு தலைமுறைக் காலம் நமது விசுவாசத்தைத் தாங்கி நின்றது குரலே ஆகும்.

பூசல் ஒருபுறம் இருக்க, உழைப்பு மனிதரை ஒன்று சேர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மேற்குக் கரையில் மரிச்சுக்கட்டி என்னுமிடத்தில் பெரிய முத்துச் சிலாபங்கள் நடைபெற்றன. அங்கே பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளிகாரரும், நமது கரையிலிருந்து சென்ற தமிழ்க் குளிகாரரும் ஒரே பாரில் மூழ்கினர். 1906ஆம் ஆண்டுச் சிலாபத்தில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரி லெனார்டு உல்ஃபு, பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை விவரித்துள்ளார். கல்லைக் காலில் கட்டி மூழ்குபவனும் மேலே கயிறு பிடிப்பவனும் எம்மொழி பேசினாலும், மூச்சின் அளவு ஒன்றே.

அரபுக் குளிகாரர் பாடகரையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர்கள். வளைகுடாவின் முத்துப் படகுகளில் 'நஹ்ஹாம்' என்னும் பாடகர் பாட, மற்றையோர் அடிவயிற்றிலிருந்து எழும் தாழ்ந்த குரலில் ஒரே சுரத்தை இழுத்து நிற்பர். பகுரைன் நாட்டில் 'பிச்சிரி' என்று வழங்கும் அந்த இசையை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2021ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. நமது கரையிலும் படகு தள்ளவும் வலை இழுக்கவும் அம்பாப் பாட்டு உண்டு. அதனை எந்தப் பட்டியலிலும் நாம் சேர்க்கவில்லை. பல ஊர்களில் அதனைப் பாடுவோரும் அருகிவிட்டனர்.

மக்காமும் இராகமும்

அரபு இசையில் இராகத்தை ஒத்த அமைப்பை 'மக்காம்' என்பர். 'நிற்கும் இடம்' என்பது அச்சொல்லின் பொருள். ஏறுநிரல், இறங்குநிரல் மட்டும் மக்காம் ஆகாது. எச்சுரத்தில் தொடங்குவது, எங்குத் தங்குவது, எவ்வழியாய் மேலேறுவது, எங்கு வந்து முடிப்பது ஆகிய ஒழுங்குகளும் சேர்ந்தே ஒரு மக்காமின் முகத்தை உருவாக்குகின்றன. இராகத்திற்கும் இது பொருந்தும் என்பதை இசையறிந்தோர் அறிவர். தாளமின்றி ஒரு கருவியில் மக்காமை விரித்து வாசிப்பதைத் 'தக்சீம்' என்பர். அது நமது ஆலாபனையை நினைவூட்டும்.

சுர அமைப்பில் இரண்டிற்கும் ஒற்றுமைகள் பல. அரபியரின் 'அசம்' நமது சங்கராபரணத்தையும், 'குர்து' நமது தோடியையும், 'நகாவந்து' கீரவாணியையும் ஒத்தவை. 'இசாசுகார்' என்பது நாம் முதல் பாடமாகப் பயிலும் மாயாமாளவகௌளையை ஒத்தது. 'நவா அதர்' நமது சிம்மேந்திரமத்திமத்தை ஒத்தது. ஆயின் இவ்வொற்றுமை ஏட்டளவில்தான். இசாசு மக்காமைப் பாடும் அரபுப் பாடகர் இரண்டாம் சுரத்தைச் சற்று உயர்த்தியும் மூன்றாம் சுரத்தைச் சற்றுத் தாழ்த்தியும் பாடுவார். அந்தச் 'சற்று' என்பதில்தான் அவருடைய நாடு இருக்கிறது.

நமது மேளகர்த்தாக்கள் எழுபத்திரண்டிலும் அடங்காதவையும் உண்டு. 'இராசுத்து' என்பது அரபு மக்காம்களுள் தலைமையானது. அதன் மூன்றாம் சுரம் நமது சாதாரண காந்தாரமும் அன்று, அந்தர காந்தாரமும் அன்று. இரண்டிற்கும் நடுவே நிற்பது. அதற்குச் 'சேகா' என்று பெயர். அது பாரசீகச் சொல். 'மூன்றாம் இடம்' என்று பொருள்படும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள தந்தியை எண்ணிக்கொள்வோம். முழுத் தந்தியை மீட்டினால் எழுவது சட்சம். சரிபாதியில், ஐம்பது சென்டிமீட்டரில் விரலை வைத்தால் மேல்சட்சம். ஆர்மோனியத்தின் சாதாரண காந்தாரத்திற்கு ஏறத்தாழ 84.1 சென்டிமீட்டரிலும், அந்தர காந்தாரத்திற்கு 79.4 சென்டிமீட்டரிலும் விரல் வைக்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சல்சல் என்னும் ஊது வாத்தியக் கலைஞர் நடுவிரலை வைத்த இடத்தைப் பிற்கால நூலார் 27க்கு 22 என்ற விகிதத்தால் குறித்தனர். நமது தந்தியில் அது 81.5 சென்டிமீட்டர். இரு காந்தாரங்களுக்கும் இடைப்பட்ட அந்த விரலிடம் அவர் பெயராலேயே 'சல்சலின் நடுவிரல்' என்று வழங்கலாயிற்று. (ஊது என்பது ஊதும் கருவியன்று, வீணையைப் போல் மீட்டப்படும் நரம்புக் கருவி.) கி.பி. 950இல் மறைந்த பேரறிஞர் அல்பாராபி தமது பெருநூலில் அதனை எடுத்துரைத்தார். 1258ஆம் ஆண்டு மங்கோலியர் பாக்தாதை அழித்தபோது உயிர் தப்பிய சபியுத்தீன் அல் உர்மவி, ஒரு தாயியைப் பதினேழு படிகளாகப் பகுத்தார். அவர் மறைந்த 1294ஆம் ஆண்டிற்குச் சற்று முன்னரே மார்க்கோ போலோ நமது காயலைக் கண்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தமஸ்கு நகரத்து மருத்துவர்

1800ஆம் ஆண்டு இலெபனான் மலைநாட்டில் மிகாயில் மிசாக்கா பிறந்தார். உரோமைத் திருச்சபையோடு ஒன்றித்த மெல்கித்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. 1848ஆம் ஆண்டு அவர் சீர்திருத்த சபையில் சேர்ந்தார். மருத்துவத் தொழில் செய்துகொண்டே வரலாறும் கணிதமும் இசையும் பயின்றார். தமஸ்கு நகரில் சேக் முகம்மது அல் அத்தார் என்னும் இசுலாமிய ஆசிரியரிடம் பாடம் கேட்டார். 1840ஆம் ஆண்டையொட்டி, இலெபனானின் அமீர் பசீர் சிகாபின் பெயரால் ஓர் இசை நூலை இயற்றினார். அதில் ஒரு தாயியை இருபத்து நான்கு கால்சுரங்களாகப் பகுத்துக் காட்டினார்.

அவருடைய கணக்கு எளியது. இராசுத்து மக்காமின் ஏழு இடைவெளிகளும் முறையே நான்கு, மூன்று, மூன்று, நான்கு, நான்கு, மூன்று, மூன்று கால்சுரங்கள். கூட்டினால் இருபத்து நான்கு. அவர் காலத்துக் கிரேக்க ஆலய இசை நூலார் தாயியை அறுபத்தெட்டுக் கூறுகளாகப் பிரித்திருந்தனர். அக்கணக்கையும் தம் கணக்கையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தமது கீழைத் திருச்சபை மரபில் ஒலித்த இசையும், இசுலாமிய ஆசிரியரிடம் கற்ற இசையும் அவர் உள்ளத்தில் ஒருங்கே வாழ்ந்தன.

மிசாக்காவின் சமக் கால்சுரத்தின்படி சேகாச் சுரம் நமது தந்தியில் 81.7 சென்டிமீட்டரில் நிற்கும். ஆயிரமாண்டுக்கு முன் சல்சல் வைத்த விரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். குருவிடமிருந்து மாணவனுக்கு, காதிலிருந்து காதுக்கு வந்த ஒரு சுரம் இவ்வளவு நெடுங்காலம் இடம்பெயராது நின்றது என்றால், மனிதக் காதின் நினைவாற்றலை வியவாதிருக்க இயலுமோ?

1860ஆம் ஆண்டு தமஸ்குவில் கிறிஸ்தவர்கள் கொலையுண்டனர். மிசாக்காவையும் கூட்டம் தாக்கியது, அவர் காயமுற்றார். அல்சீரிய நாட்டு இசுலாமியத் தலைவர் அப்துல் காதிர் பல்லாயிரம் கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். மிசாக்கா உயிர் பிழைத்ததும் அவரது ஆட்களின் துணையால்தான். 1888ஆம் ஆண்டு மிசாக்கா மறைந்தார். அவருடைய நூலை 1899இல் அரபியிலும், 1913இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் வெளியிட்டவர் பெய்ரூத்து நகரத்து இயேசு சபைக் குரு உலூயி உரோன்செவால். அதே நகரில் இயேசு சபைக் குரு சேவியர் கொலாஞ்செத்து 1904, 1906ஆம் ஆண்டுகளில் அரபு இசை பற்றிய ஆய்வுரைகளை வெளியிட்டார். பிற மக்களின் இசையைச் செவிகொடுத்துக் கேட்பதும் அப்போஸ்தலப் பணியின் ஒரு பகுதியே என்பதை இக்குருக்கள் உணர்ந்திருந்தனர்.

தஞ்சை மருத்துவர்

இனி நமது நாட்டிற்கு வருவோம். 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையில் ஆபிரகாம் பண்டிதர் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் சித்த மருத்துவம் கற்றார். தஞ்சையில் குடியேறி மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தோற்றுவித்து, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். அவரும் நம் சபையினர் அல்லர். சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். எனினும் தமிழ்க் கிறிஸ்தவர் அனைவருக்கும் பெருமை சேர்த்தவர்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு தாயியில் சுருதிகள் எத்தனை? சார்ங்கதேவரின் வழிவந்த நூலார் இருபத்திரண்டு என்றனர். பண்டைத் தமிழ் இசை மரபிலும் குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்று அலகுகள் கூறப்பட்டுள்ளன. இவற்றைக் கூட்டினாலும் இருபத்திரண்டே வரும். பண்டிதரோ, முழுமையான கணக்கு இருபத்து நான்கு என்றும், பாடும்போது கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடுவதால்தான் இருபத்திரண்டு ஆயிற்று என்றும் வாதிட்டார். மூன்றாக உள்ள அவ்விரண்டையும் நான்காக்கினால் இருபத்து நான்கு வருதல் காண்க. தாயியைப் பன்னிரண்டு சமபாகமாகப் பகுப்பது ஆயப்பாலை, இருபத்து நான்காகப் பகுப்பது வட்டப்பாலை என்று அவர் விளக்கினார்.

1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவருடைய பெண்மக்கள் பாடியும் வீணை வாசித்தும் அதனைச் செய்து காட்டினர். 1917ஆம் ஆண்டு 1,300க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் காலமானார். பின்னாளில் தமிழிசை இயக்கத்தார்க்கு அந்நூல் ஊற்றுக்கண்ணாயிற்று. 1947ஆம் ஆண்டு விபுலானந்த அடிகள் வெளியிட்ட 'யாழ் நூல்' வேறு கணக்கை மேற்கொண்டது. ஆயினும் பழந்தமிழ் இசையை அளந்து காணும் பாதையில் பண்டிதர் முன்நடந்தவர் என்பது வெள்ளிடைமலை.

ஒத்திருப்பதும் வந்து சேர்ந்ததும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தமஸ்குவிலும் இருபத்து நான்கு, தஞ்சையிலும் இருபத்து நான்கு என்றவுடன், நமது கணக்கே கப்பலேறி அரபு நாடு சென்றது என்று முழங்க ஒரு சாராருக்கு ஆவல் எழும். அவர்கள் கணக்கே இங்கு வந்தது என்று சொல்ல மற்றொரு சாரார் முனைவர். இரண்டும் வரலாறு ஆகா. மிசாக்கா தேடியது சேகாவைப் போன்ற இடைச் சுரங்களுக்கு ஓர் அளவு. பண்டிதர் தேடியது தமிழ் நூல்களின் அலகுக் கணக்கிற்கு ஒரு விளக்கம். பன்னிரண்டு அரைச்சுரங்களை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்தால் எவருக்கும் இருபத்து நான்கே கிடைக்கும். ஒரே எண்ணை அடைந்தவர்கள் ஒரே பாதையில் வந்தவர்களாக இருக்கவேண்டியதில்லை.

பெயர்கள் வந்ததுண்டு. நமது இசையில் உசேனி என்றோர் இராகம் உள்ளது. அப்பெயரில் அரபியரிடம் ஒரு மக்காம் உள்ளது. நவரோசு என்பது பாரசீகப் புத்தாண்டின் பெயர். பெயர்கள் வந்துவிட்டன, நமது வீணையில் அவை நமது இராகங்களாகவே ஒலிக்கின்றன. எதிர்த்திசையிலும் கொடை நிகழ்ந்தது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தைக் கைக்கொண்டு நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். கடலோர மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றதை மறைக்கவும் வேண்டாம். பெறாததைப் பெற்றதாகச் சொல்லவும் வேண்டாம். உண்மையைச் சொல்வதும் பிறரன்பின் ஒரு கூறே.

கெய்ரோ சொல்லும் பாடம்

1932ஆம் ஆண்டு எகிப்து மன்னர் முதலாம் புவாது, கெய்ரோ நகரில் அரபு இசை மாநாடு ஒன்றைக் கூட்டினார். அங்கேரியிலிருந்து பார்த்தோக்கு, செருமனியிலிருந்து இந்தெமித்து போன்ற புகழ்பெற்ற இசையாசிரியர்கள் வந்தனர். பெய்ரூத்துக் குரு கொலாஞ்செத்தும் கலந்துகொண்டார். இருபத்து நான்கு கால்சுரங்களைச் சமமாகக் கொள்ளலாமா என்பதே பெரும் வாதமாயிற்று. சமமாக்கினால் பியானோவில் கால்சுரக் கட்டைகளைச் சேர்த்துவிடலாம் என்றனர் ஒரு சாரார். எந்தப் பாடகரும் அவ்வாறு சமமாகப் பாடுவதில்லை என்றனர் துருக்கி நாட்டு இரவூப் எக்தா முதலியோர். முடிவு எட்டப்படவில்லை.

ஆனால் அம்மாநாட்டில் மற்றொரு பணி நடைபெற்றது. எகிப்து, ஈராக்கு, மொரோக்கோ, தூனீசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பாடகர், வாத்தியக்காரர்களின் இசையை நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். ஈராக்கிலிருந்து வந்த குழுவில் இசுலாமியப் பாடகர் அல் குபாஞ்சியுடன் வாத்தியம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். இருபது ஆண்டுகளுக்குள் ஈராக்கின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டு நீங்கினர். அன்று பதிவு செய்யாதிருந்தால் அவர்கள் ஒருங்கே வாசித்த இசை நமக்கு எஞ்சியிருக்குமோ? அளப்பது எப்படி என்ற வாதம் முடியவில்லை. பதிந்து வைத்ததோ நின்றுவிட்டது.

நமது நாட்டிலும் அளவை வாதம் அவ்வாறே ஆயிற்று. 1963ஆம் ஆண்டு சைராசுபாய் என்னும் அறிஞர் வட இந்திய இசைக் கலைஞர்களின் சுரங்களைக் கருவியால் அளந்து பார்த்து, ஒரே கலைஞர் ஒரே சுரத்தைக்கூட ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை என்று கண்டார். நமது பேகடை இராகத்தின் நிசாதம் வீணையின் எந்த மெட்டிலும் அடங்காது. தந்தியை இழுத்துத்தான் அதனைப் பெறவேண்டும். இருபத்திரண்டோ இருபத்து நான்கோ, எண்ணால் ஆன வேலி சுரத்தைக் காட்டலாம், கட்டிவைக்க முடியாது.

நம் ஆலயத்தில்

தவக்கால மாலையொன்று நினைவிற்கு வருகிறது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்தபின், மூதாட்டி ஒருவர் தாய்மரியின் புலம்பலைப் பாடத் தொடங்கினார். மகனை மடியில் கிடத்திய தாயின் வாக்காக அது எழுந்தது. இழவு வீட்டு ஒப்பாரியின் அதே இழைவு, அதே நடுக்கம். கீபோர்டு வாசித்த இளைஞர் சுருதி சேர்க்க முயன்றார். ஒரு கட்டையை அழுத்தினார். குரல் அதற்குக் கீழே இருந்தது. அடுத்த கட்டையை அழுத்தினார்; குரல் அதற்கு மேலே இருந்தது. சிலர் நகைத்தனர். "பாட்டிக்குச் சுருதி இல்லை" என்று ஒருவர் சொன்னார். அம்மூதாட்டி பாதியில் நிறுத்தி அமர்ந்துவிட்டார். அன்று அங்கிருந்த நாமும் வாய் திறக்கவில்லை.

சேகாச் சுரத்தின் கதையைப் படித்தபோதுதான் நமக்கு அந்த மாலை விளங்கிற்று. அப்பெண்மணிக்குச் சுருதி இருந்தது. கட்டைகளுக்குத்தான் அந்தச் சுருதி இல்லை. சல்சலின் விரல் போய் நின்ற அத்தகைய இடைவெளியில்தான் அவர் குரலும் நின்றது. இரு கட்டைகளுக்கு இடையே இருந்த துயரத்தை நாம் பிழையென்று எண்ணிவிட்டோம்.

1842ஆம் ஆண்டு பாரிசு நகரில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், மறைப்பணியாளர் வழியாக நமது நாட்டை வந்தடைந்தது. அதனால் விளைந்த நன்மைகள் பல. பாடகர் குழு இல்லாத சிற்றூர்களிலும் மக்கள் ஒரே குரலாய்ப் பாட அது உதவிற்று. அதனைப் பழித்தல் நன்றிகேடாகும். ஆயினும் பன்னிரண்டு கட்டைகளுக்கு இடையே நமது இசையின் குழைவுகள் நசுங்குகின்றன என்ற குறை எழுந்தது. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி அதனைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. 1971ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. நாம் அத்தகைய தடையைக் கோரவில்லை. கருவி துணையாக இருக்கட்டும்; நடுவராக இருக்கவேண்டாம் என்றே சொல்கிறோம்.

திருச்சபையின் பார்வையும் இதுவே. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு அவர்களுக்கே உரிய இசை மரபு இருந்தால் அதற்குத் தக்க மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் அளிக்கவேண்டும் என்று பணித்தது. கீழைத் திருச்சபைகள் இதனை நெடுங்காலமாகவே செய்துவருகின்றன. இலெபனானின் மரோனித்தரும் சிரியாவின் மெல்கித்தரும் கால்சுரம் கலந்த தமது பண்களிலேயே புனித வெள்ளியைக் கொண்டாடுகின்றனர். அதே தமஸ்கு நகரில் பிறந்த தூய தமஸ்கு யோவான், எட்டுப் பண்களால் ஆண்டு முழுமையின் வழிபாட்டையும் ஒழுங்குபடுத்தினார் என்பது மரபு. அவர்களுடைய துயரப் பாடல்களைக் கேட்டால், மொழி தெரியாமலே, நமது மூதாட்டியின் குரல் அங்கு ஒலிப்பதாகத் தோன்றும். ஒத்திருப்பது இரத்த உறவால் அன்று. அழுகை எங்கும் கட்டைகளுக்கு இடையேதான் வழிகிறது.

நமது கரையில் கடைசி முத்துச் சிலாபம் 1961ஆம் ஆண்டு முடிவுற்றது. பார்களில் முத்து இல்லாதபோது குளிகாரர் கரையேறினர். முத்து மீண்டும் விளைய வேண்டுமானால் சில சிப்பிகளாவது பாரில் எஞ்சியிருக்கவேண்டும் என்பதைக் கடலோடிகள் அறிவர். பாட்டிற்கும் அதே நியதிதான்.

திருப்பாடல்கள் நூலின் இருபத்திரண்டாம் பாடல், ஆண்டவர் சிலுவையில் தம் வாயால் எடுத்து உரைத்த பாடல். அதன் தலைப்பில், 'காலைப் பெண்மான்' என்னும் மெட்டில் பாடவேண்டும் என்ற குறிப்பு உள்ளது. அந்த மெட்டு எது என்று இன்று உலகில் எவருக்கும் தெரியாது. சொற்களை ஏட்டில் எழுதியவர்கள் காத்துத் தந்தனர். இசையைக் காதில் வைத்திருந்தவர்கள் மறைந்தபோது அதுவும் உடன் மறைந்தது.

நமது புலம்பல்களுக்கும் அக்கதி நேராதிருக்க, செய்யவேண்டியது அரிதானதன்று. ஒவ்வொரு பங்கிலும் எழுபது வயது கடந்த பாடகர் இருவரோ மூவரோ இன்னும் இருப்பர். வரும் தவக்காலத்தில் அவர்களைத் தேடிச் சென்று, ஆர்மோனியமின்றி, கீபோர்டின்றி, அவர்கள் பாடுகிறபடியே பாடச்செய்து பதிவு செய்வோம். இன்று அதற்கு வேண்டிய கருவி இளைஞர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கிறது. பாடியவரின் பெயரையும் ஊரையும் நாளையும், அவர் எவரிடம் கற்றார் என்பதையும் குறித்து வைப்போம். சுருதி இருபத்திரண்டா இருபத்து நான்கா என்பதைப் பின்வருவோர் அளந்துகொள்ளட்டும். அளப்பதற்கு ஒரு குரலை விட்டுச்செல்வது நமது கடன்.

அம்மூதாட்டியின் வீட்டிற்கு நாம் மீண்டும் சென்றோம். அன்று நகைத்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு விளக்கேற்றிவிட்டு, சுவரில் சாய்ந்தபடி, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார்.